மெஸ் அக்காவின் நோட்டும் அடுத்தவர் கடனும்

கல்லூரி இருக்கிற எந்த ஊரிலும் ஒரு மெஸ் இருக்கும். அந்த மெஸ்ஸில் ஒரு நீளமான கணக்கு நோட்டும் இருக்கும். ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற பையன்கள் மாதம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, வீட்டிலிருந்து பணம் வந்ததும் கணக்கை முடிப்பார்கள். புதிதாக ஒருவன் கணக்கு வைக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே சாப்பிடுகிற ஒருவன் கூட்டிக்கொண்டு போய், "அக்கா, நம்ம பையன்தான்க்கா, எழுதிக்கோங்க" என்று சொன்னால் போதும். சம்பளச் சான்றிதழ் வேண்டாம், பத்திரம் வேண்டாம். "நம்ம பையன்" என்ற இரண்டு வார்த்தைதான் அடமானம்.

இப்போது இப்படி வைத்துக்கொள்வோம். அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்ட ஒருவன் கடைசி செமஸ்டர் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டான். நோட்டில் அவன் பெயருக்கு நேராக 6,400 ரூபாய் பாக்கி. போன் அடித்தால் எடுப்பதில்லை. அக்கா என்ன செய்வார்? அவனைக் கூட்டிவந்த பையன் அடுத்த முறை சாப்பிட வரும்போது சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்பார்.

"தம்பி, அந்தப் பையன் போனே எடுக்க மாட்டேங்குறான். நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாக்கா, நானும் மெசேஜ் போட்டுப் பார்த்தேன். பார்த்துட்டுப் பதிலே போடலை."

"அவங்க அப்பா நம்பர் இருக்கா?"

சாப்பாடு தொண்டையில் இறங்காது. ரூமுக்குத் திரும்பினால் ஆளுக்கொரு கருத்து. ஒருவன், "நீ என்ன கையெழுத்தா போட்டே? உனக்கென்ன வந்துச்சு, விடுடா" என்பான். இன்னொருவன், "ஆளுக்கு 1,600 போட்டு முடிச்சிடலாம், அக்கா பாவம்" என்பான். மூன்றாமவன் கொஞ்சம் சூடான ஆள்: "அவங்க அப்பாவுக்குப் போன் போடு, அரை மணி நேரத்துல பணம் வந்துரும்." மூன்றுமே நியாயமாகத்தான் கேட்கிறது. மூன்றையும் ஒருசேரச் செய்யவும் முடியாது. அடுத்தவர் கடனில் தலையிடுவது என்றால் என்ன என்ற கேள்வி முழுவதும் இந்தச் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது. தொகையில் பூஜ்ஜியங்களைக் கூட்டிக்கொண்டே போனால் அதுவே வங்கி, சொசைட்டி, கந்துவட்டி என்று விரியும்.

முதலில் "நீ என்ன கையெழுத்தா போட்டே?" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். பி.காம். படிப்பவர்களுக்கு வணிகச் சட்டத் தாளில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வரும். அதில் 126ஆம் பிரிவு ஜாமீன் ஒப்பந்தம் பற்றியது. (இரண்டு மார்க் கேள்வியாக அடிக்கடி தலைகாட்டும், யாரும் ரசித்துப் படித்ததாகச் சரித்திரம் இல்லை!) அந்தப் பிரிவின் கடைசி வரி சொல்வது இதுதான்: ஜாமீன் எழுத்திலும் இருக்கலாம், வாய்மொழியாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் 1677லேயே ஜாமீன் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி இல்லை. "குடுங்கக்கா, அவன் குடுக்கலைன்னா நான் குடுக்குறேன்" என்று ஒருவன் சொல்லியிருந்தால், நிரூபிப்பது கடினம் என்பது வேறு விஷயம், சட்டப்படி அவன் ஜாமீன்தாரன்தான். கையெழுத்து போடவில்லை என்ற சாக்கு அங்கே எடுபடாது.

ஆனால் நம் பையன் சொன்னது அது இல்லையே. அவன் சொன்னது "நம்ம பையன்தான்" என்று மட்டும்தான். இதைச் சட்டம் ஜாமீனாக எடுத்துக்கொள்ளாது. அறிமுகம், நற்சான்று, அவ்வளவே. இந்த இடத்தில்தான் சட்டமும் நியாயமும் பிரிகின்றன. அக்கா அந்தப் புதுப்பையனின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கவில்லை. மூன்று வருடமாகக் கணக்கு முடித்துவந்த பழைய பையனின் முகத்தைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதினார். அவன் தன்னுடைய நாணயத்தை இன்னொருவனுக்கு இரவல் கொடுத்தான். இரவல் கொடுத்த பொருள் உடைந்து வந்தால், "எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று எப்படிச் சொல்வது? வாய் ஜாமீனில் உள்ள அநியாயமே இதுதான். சொன்னவனுக்குச் செலவு எதுவும் கிடையாது. நண்பனிடம் நல்ல பெயர் மட்டும் கிடைக்கிறது. நஷ்டம் வந்தால் முழுக்க மூன்றாவது ஆளுக்கு.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பவர் கையெழுத்து போட்டவர். அவருக்கு லாபம் எதுவும் கிடையாது, நஷ்டம் முழுவதும் வரலாம். 128ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அசலும் வட்டியும் அப்படியே அவர் தலையிலும் இருக்கும். "முதல்ல வாங்கினவன்கிட்ட கேளுங்க, அவன் குடுக்கலைன்னா என்கிட்ட வாங்க" என்று எல்லா ஜாமீன்தாரரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1969 சட்டத் தொகுப்பில் வந்திருக்கும் பாங்க் ஆஃப் பீகார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில், கடனாளியிடம் எல்லா வழியையும் பார்த்து முடித்த பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று விசாரணை நீதிமன்றம் போட்ட நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. உடனடியாக ஜாமீன்தாரரிடம் போக முடியாது என்றால் அப்புறம் ஜாமீன் வாங்கியே என்ன பயன் என்பதுதான் அதன் சாரம். வங்கியின் பக்கமிருந்து பார்த்தால் முழுக்கச் சரி. கையெழுத்து போட்ட மனிதரின் வீட்டிலிருந்து பார்த்தால் இடி.

நம் ஊர்களில் இந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம், மின்வாரியம், பஞ்சாலை என்று எங்கெல்லாம் பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறதோ, அங்கெல்லாம் "சொசைட்டி லோன்" உண்டு. கடன் வேண்டுமென்றால் அங்கே வேலை பார்க்கும் சக ஊழியர் ஜாமீன் போட வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் ஸ்டாஃப் ரூமில், நாலு பேர் முன்னிலையில் கேட்பார். "சார், ஒரு சின்ன கையெழுத்து." அந்தச் "சின்ன" என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் பெரிய மூளைக்காரர். படிவத்தை நீட்டும்போது கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். மேலே என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு தொகை, எத்தனை மாதம் என்று படித்துப் பார்த்தால் சந்தேகப்படுகிறார் என்று ஆகிவிடும். போன வருடம் இவர் லோன் வாங்கியபோது அவர் போட்டிருப்பார், இப்போது இவர் போடாமல் இருக்க முடியாது. ஆக, ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருவர் விருப்ப ஓய்வில் போனாலோ, வேலையை விட்டு ஊரைவிட்டே போனாலோ, இறந்தேபோனாலோ, மீதிப்பேரின் சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பிக்கும். அப்போதுதான் வீட்டம்மாவுக்கே விஷயம் தெரியவரும். கடன் வாங்கியவர் வீட்டில் ஒரு குடும்பம்தான் ஏமாந்தது என்று பார்த்தால், ஜாமீன் போட்ட இரண்டு வீட்டிலும் ஸ்கூல் பீஸ் கட்டுவது தள்ளிப்போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே மனிதரிடம் போய் ஐயாயிரம் கைமாற்று கேட்டால் ஆயிரம் யோசிப்பார். "இந்த மாசம் டைட்டுப்பா" என்பார். ஐந்து லட்சத்துக்கு ஜாமீன் கேட்டால் பேனாவை எடுத்துவிடுவார். ஏனென்றால் ஐயாயிரம் பர்ஸிலிருந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது, ஐந்து லட்சம் தெரிவதில்லை. கணக்கியலில் இதை 'நிகழக்கூடிய பொறுப்பு' என்பார்கள். இருப்புநிலைக் குறிப்புக்குள் வராது, அடிக்குறிப்பில் மட்டும் நிற்கும். கம்பெனிகளாவது அடிக்குறிப்பில் எழுதுகின்றன. மனிதர்கள் அதைக்கூடச் செய்வதில்லை. ஜாமீன் போட்டதை மனைவியிடமோ கணவரிடமோ சொல்லாதவர்கள்தான் அதிகம். ஆனால் கடன் தகவல் அறிக்கை மறப்பதில்லை. வங்கிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தால் அது சிபில் அறிக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வாங்கியவர் கட்டாமல் விட்டால், நாளைக்கு ஜாமீன் போட்டவர் மகளின் படிப்புக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது எட்டிப் பார்க்கும்.

அதனால் ஜாமீன் போடவே கூடாதா? அப்படிச் சொல்லும் அறிவுரைகள் மிகப் பழையவை. பைபிளின் நீதிமொழிகள் நூலே பிணை நிற்பவனைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஆனால் யாருமே ஜாமீன் போடாத ஊரில் சொத்துள்ளவன் மட்டும்தான் கடன் வாங்க முடியும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் நெடுநாளாக இருந்த ஏற்பாடு, 4 லட்சம் வரை பெற்றோரின் கூட்டுப் பொறுப்பே போதும், அதற்கு மேல் 7.5 லட்சம் வரை போனால் மூன்றாம் நபர் ஜாமீன் என்பது. எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி உருவானது ஒரு தாய்மாமனின் கையெழுத்தால்தான். அந்தக் கையெழுத்தை முட்டாள்தனம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே அளவுகோல் போடுவதா வேண்டாமா என்பதில் இல்லை. இந்தப் பணம் முழுவதும் தானே கட்ட வேண்டி வந்தால் தன் வீடு தாங்குமா, வீட்டில் உள்ளவர்களுக்கு இது தெரியுமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் "ஆம்" என்றால் போடலாம். இல்லையென்றால், ஸ்டாஃப் ரூமில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேனாவை மூடி வைப்பதுதான் யோக்கியம். தன் பிள்ளையின் பீஸை வைத்து அடுத்தவருக்குத் தாராளம் காட்டுவது தாராளத்தில் சேராது.

(இடையில் ஒரு சின்னச் செய்தி. புரோநோட்டில் சாட்சிக் கையெழுத்து போட்டவரையும் ஊரில் ஜாமீன்தாரர் மாதிரியே பிடித்து உலுக்குவார்கள். சாட்சி போட்டவருக்குப் பணம் கட்டும் பொறுப்பு கிடையாது. இன்னார் கையெழுத்து போட்டதைப் பார்த்தேன் என்று சொல்வது மட்டும்தான் அவர் வேலை. பயந்து பணம் கட்டியவர்களும் உண்டு, பாவம்.)

சரி, இரண்டாவது பையனின் யோசனைக்கு வருவோம். யாரும் கேட்காமலே அடுத்தவன் கடனைக் கட்டிவிடுவது. பார்க்க இதைவிட நல்ல காரியம் இருக்க முடியாது. சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது சுவாரசியமானது. கடன் கொடுத்தவர் மூன்றாவது ஆளிடமிருந்து பணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதன் பிறகு கடனாளியிடம் அவர் கேட்க முடியாது. இது 41ஆம் பிரிவு. ஆனால் கட்டிய மூன்றாவது ஆள் கடனாளியிடமிருந்து திரும்பப் பெற வேண்டுமென்றால், 69ஆம் பிரிவின்படி, அந்தப் பணம் கட்டப்படுவதில் அவருக்கே ஒரு சொந்த அக்கறை இருந்திருக்க வேண்டும். சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: ஜமீன்தார் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய வரி பாக்கியால் நிலம் ஏலத்துக்கு வருகிறது. குத்தகைக்கு இருப்பவர் தன் குத்தகை போய்விடுமே என்று அந்த வரியைக் கட்டுகிறார். அவர் ஜமீன்தாரிடம் அதைக் கேட்டு வாங்கலாம். எந்தச் சம்பந்தமும் இல்லாமல், யாரும் கேட்காமல், ஒருவர் தானாகப் போய்க் கட்டினால் இந்தப் பிரிவு அவருக்கு உதவாது.

முதலில் படிக்கும்போது இது அநியாயமாகத் தெரியும். நல்லது செய்தவனுக்குத்தான் தண்டனையா என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் சட்டத்தின் பக்கம் சாய வேண்டியிருக்கிறது. கேட்காமல் கட்டுபவர் கடனை அழிப்பதில்லை, கடன் கொடுத்தவரை மாற்றுகிறார். நேற்றுவரை அக்காவுக்குக் கடன்பட்டிருந்தவன் இன்று நண்பனுக்குக் கடன்பட்டவன், அதுவும் அவனைக் கேட்காமலே. அக்காவிடம் 6,400 மட்டும்தான் பாக்கி. நண்பனிடம் 6,400 கூடவே நன்றியும் பாக்கி. அதற்கு வட்டி விகிதம் கிடையாது, தவணை கிடையாது. பத்து வருடம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் நாலு பேர் இருக்கும்போது "அன்னிக்கு மெஸ் காசை யாருடா கட்டினது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதுகூட வசூல்தான். ஆகவே கட்டுவதென்றால் போனது போகட்டும் என்று கட்ட வேண்டும். அந்த மனசு இல்லாதவர் கட்டாமல் இருப்பது நண்பனுக்கே நல்லது.

இறந்தவரின் கடன் என்று வரும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. அங்கே நன்றிக்கடனுக்கு ஆள் இல்லை. தமிழ்நாட்டு முஸ்லிம்களின் ஜனாஸாவில், இறந்தவருக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்கும்படி அறிவிப்பதைப் பலர் கேட்டிருப்பார்கள். கடன் பாக்கியோடு இறந்த ஒருவருக்கு நபிகள் தொழவைக்கத் தயங்கியபோது, தோழர் அபூ கதாதா அந்தக் கடன் தன் பொறுப்பு என்று முன்வந்ததாக ஹதீஸ் உண்டு. அதற்குப் பிறகே தொழுகை நடந்தது. அடுத்தவர் கடனில் இவ்வளவு சுத்தமாகத் தலையிட்ட வேறொரு கதை சட்டென்று நினைவுக்கு வரவில்லை. இந்துச் சட்டத்தில் அப்பா வாங்கிய கடனை அடைப்பது பிள்ளையின் புண்ணியக் கடமை என்று ஒரு கோட்பாடே இருந்தது. அதன் பேரில் மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரை வழக்கு போடலாம். 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது வாரிசுகளின் பொறுப்பு கைக்கு வந்த சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான். லால் பகதூர் சாஸ்திரி கார் வாங்க வங்கியில் பெற்ற கடன் பாக்கியை, அவர் 1966இல் இறந்த பிறகு மனைவி லலிதா தன் ஓய்வூதியத்திலிருந்து கட்டி முடித்ததாக அவர் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் இதை யாரும் பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மனசால் செய்வதைச் சட்டம் வற்புறுத்தாமல் விட்டால்தான் அதற்கு மதிப்பு.

இனி மூன்றாவது பையன். "அவங்க அப்பாவுக்குப் போன் போடு." மூன்றிலும் உடனே பலன் தரக்கூடியது இதுதான், மோசமானதும் இதுதான். அரிச்சந்திரன் கதை பார்த்தவர்களுக்குத் தெரியும். விசுவாமித்திரர் தான் நேரில் வருவதில்லை. கடனை வசூலிக்க ஒரு ஆளைக் கூடவே அனுப்பிவிடுவார். அந்த ஆளுக்கும் அரிச்சந்திரனுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் காசி வரைக்கும் நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்து, போகிற வழியெல்லாம் பிடுங்கி எடுப்பான். கூத்தில் ஜனங்களுக்கு விசுவாமித்திரர் மேல் வருகிற கோபத்தைவிட அந்த ஆள் மேல் வருகிற எரிச்சல் அதிகம். அவர்கள் உணர்வு சரியானதுதான்.

கடன் கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதை மூன்றாவது ஆள் கையில் எடுத்துக்கொண்டால், காசு அவனுடையது இல்லை என்பதால் அவனுக்கு வரம்பு தெரிவதில்லை. மெஸ் அக்காவே கேட்டால், "சரி தம்பி, வர்ற மாசம் பாதி குடு" என்று இறங்கி வரக்கூடும். நண்பன் கேட்டால் அப்படி இறங்க முடியாது, விட்டுக்கொடுக்க அது அவன் காசு இல்லை. அவனிடம் இருக்கிற ஒரே ஆயுதம் மானம். அப்பாவிடம் சொல்வேன், குரூப்பில் போடுவேன், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சொல்வேன்.

இதையே தொழிலாக்கியவை கடன் செயலிகள். கொரோனா காலத்தில் கையில் காசில்லாமல் மூவாயிரம், ஐயாயிரம் என்று செல்போனில் வாங்கியவர்களின் தொடர்பு எண்கள் அத்தனையையும் செயலி உருவிக்கொண்டது. தவணை தவறினால் அத்தை, பழைய டியூஷன் மாஸ்டர், எப்போதோ பைக் ரிப்பேர் பார்த்த மெக்கானிக் என்று எல்லோருக்கும் செய்தி போகும், சில சமயம் ஒட்டுவேலை செய்த அசிங்கப் படத்தோடு. சம்பந்தமே இல்லாத இத்தனை பேரையும் அந்தக் கடனுக்குள் இழுத்துப்போட்டார்கள். தற்கொலைகள் நடந்தன. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட சுற்றறிக்கை, கடனாளியின் குடும்பத்தார், நண்பர்கள், பரிந்துரைத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் நுழைவதையும், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதையும், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்வதையும் தடுத்தது. அடுத்த மாதமே வந்த டிஜிட்டல் கடன் விதிமுறைகள், செயலிகள் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்றன. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றமும் கடன் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றியது. இவ்வளவு விதிகளும் நிறுவனங்களுக்குத்தான். ரூம்மேட் செய்தால் கேட்க ஆளில்லை. ஆனால் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன் பாக்கியைப் பெயர் போட்டு எழுதுபவன் செய்வதும், அந்தச் செயலி செய்ததும் வேறு வேறா?

இந்த இடத்தில் குழுக் கடனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அங்கே தலையிடுவது விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தெருவில் ஐந்து பெண்கள் அல்லது பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு குழு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். சொத்தில்லாத பெண்களுக்கு வங்கிக் கதவு திறந்தது இந்த ஏற்பாட்டால்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வாரக் கூட்டத்தில் ஒருவர் தவணை வரவில்லையென்றால் யாரும் எழுந்து போக முடியாது என்று உட்கார வைக்கும்போது என்ன நடக்கிறது? வீட்டில் குழந்தை பள்ளியிலிருந்து வந்திருக்கும், அடுப்பில் எதுவும் ஏற்றியிருக்காது, நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த எரிச்சல் முழுவதும் நிறுவனத்தின் மேல் போகாது. வராத பெண்ணின் மேல் போகும். வசூல் செய்கிற பையன் பைக்கில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருப்பான், அந்தப் பெண்ணின் வாசலில் நின்று கத்துவது பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கும். நிறுவனம் செய்ய வேண்டிய வேலையைத் தெருவே சம்பளம் இல்லாமல் செய்துகொடுக்கிறது. 2010 அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் நிறுவனங்களுக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவரக் காரணமான கொடுமைகளில் இந்த மாதிரி நெருக்குதலும் ஒன்று. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நுண்கடன் விதிகள், ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் மொத்தம் அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்கின்றன. நல்ல விதி. வாசலில் வந்து நிற்கிற பக்கத்து வீட்டு அக்காவை எந்த விதி கட்டுப்படுத்தும்?

ஆனால் அதே அக்கா இன்னொரு வாரம், கத்தாமல், தன் கம்மலை வைத்து அந்தப் பெண்ணின் தவணையைக் கட்டியும் இருப்பார். இரண்டும் ஒரே மனுஷிதான். காசு கையில் இருந்த வாரம் ஒரு மாதிரி, இல்லாத வாரம் வேறு மாதிரி. அதனால் அவரைக் குற்றம் சொல்வதைவிட, இருவரையும் அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்திய ஒப்பந்தத்தைத்தான் குற்றம் சொல்லத் தோன்றுகிறது. தாங்க முடியாதவரிடம் ஜாமீன் வாங்குவதும் ஒருவகைக் கொடுமைதான். கையெழுத்து போடுபவருக்கு எப்படி யோசிக்கும் கடமை இருக்கிறதோ, அப்படியே கையெழுத்து வாங்குபவருக்கும் உண்டு.

மறுபடியும் மெஸ்ஸுக்கு வருவோம். அந்தப் பையன் என்ன செய்ய வேண்டும்? ரூமில் உள்ள நாலு பேரும் 1,600 போடுவது அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. மற்ற மூவர் அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை, அவர்கள் நாணயத்தை யாரும் நம்பவும் இல்லை. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், அது வேறு. "நம்ம பையன்" என்று சொன்னவன் தன்னால் முடிந்ததைக் கொடுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே தடவையில் முடியாவிட்டால், மாதம் ஐநூறாகக் கொடுக்கட்டும். அதற்கு முன் ஓடிப்போனவனுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பலாம்: அக்கா கேட்கிறார், நீ பேசு, இல்லையென்றால் நான் கட்டத் தொடங்குவேன் என்று. மிரட்டல் வேண்டாம், குரூப்பில் வேண்டாம். அக்கா கேட்டால் அவன் ஊரையும் நம்பரையும் சொல்லலாம். கடன் கொடுத்தவருக்குத் தன் கடனாளி எங்கே இருக்கிறான் என்று தெரிய உரிமை உண்டு, நண்பன் என்பதற்காக ஒளித்து வைப்பது அக்காவுக்கு எதிராகக் கட்சி சேர்வதாகும். அப்பாவின் நம்பர்? அதைக் கொடுக்கக் கூடாது. கடன் இருபத்தொரு வயதுக்காரன் வாங்கியது. ஊரில் அவன் அப்பா எந்த நிலைமையில் இருக்கிறாரோ, மகன் ஏன் போனை எடுப்பதில்லையோ, அந்த வீட்டில் என்ன நடக்கிறதோ, ரூமில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

இந்தத் தீர்ப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. இப்படிச் சொன்னால் இனி யாரும் யாரையும் மெஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். "நீயே போய்க் கேட்டுக்கோடா, என்னை இழுக்காதே" என்பார்கள். அதுவும் நடக்கிறது. இரண்டு பேர் ஏமாற்றியதும் பல மெஸ்களில் "கணக்கு கிடையாது, டோக்கன் மட்டும்" என்று அட்டை தொங்க ஆரம்பித்துவிடுகிறது. வசதியான பையன்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை, கூகுள் பே செய்துவிட்டுச் சாப்பிடுவார்கள். ஸ்காலர்ஷிப் பணம் டிசம்பரில்தான் வரும் என்ற நிலையில் ஜூலையில் வந்து சேருகிற முதல் வருடப் பையன், அந்த அட்டையைப் படித்துவிட்டு எதிரே இருக்கிற பெட்டிக்கடைக்குப் போய் டீயும் பன்னும் வாங்குவான்.